'நாரை வராத குளம்': மினிமல் அட்டை, கருத்து வேண்டும்

கோட்டோவியன்

சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அட்டை செய்துகொண்டிருக்கிறேன். தலைப்பு 'நாரை வராத குளம்'. பதினொரு கதைகள், 168 பக்கம், எழுத்தாளருக்கு முதல் புத்தகம். கதைகள் எல்லாமே சத்தமில்லாதவை. அட்டையும் சத்தம் போடக்கூடாது என்று அவரும் நானும் பேசி வைத்துக்கொண்டோம்.

படம் சிலருக்குத் திறக்காமல் போகலாம், அதனால் எழுதியும் விடுகிறேன். பின்னணி வெளிர் சந்தன நிறம். ஓவியம், புகைப்படம் எதுவும் இல்லை. இடப்பக்கம் மேலே தலைப்பு, வரிக்கு ஒரு சொல்லாக மூன்று வரி. இருப்பதிலேயே மெல்லிய கனத்தில் ஒரு நவீன எழுத்துரு. எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டிருக்கிறேன். நிறம் 40 சதவீதக் கறுப்பு, அதாவது இளஞ்சாம்பல். அட்டை முழுவதிலும் வேறு நிறம் ஒரே இடத்தில்தான்: 'குளம்' என்பதில் மகரத்தின் தலைமேல் இருக்கிற புள்ளி மட்டும் வெளிர் ஆரஞ்சு. மறைகிற சூரியன். வலப்பக்கம் கீழே ஆசிரியர் பெயர், சின்னதாக.

எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. தயங்காமல் கிழியுங்கள்.

சும்மாபார்ப்பவன்

குளம என்றால் என்ன?

கோட்டோவியன்

'குளம்'. புள்ளி இருக்கிறதே, ஆரஞ்சில்.

சும்மாபார்ப்பவன்

போனில் பார்க்கிறேன். இல்லை.

பக்கம்மடிப்பவள்

எனக்கு வடிவமைப்பு தெரியாது. புத்தகம் வாங்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். முதல் பார்வையில் 'நரரை வரரத' என்றுதான் படித்தேன். ஏதோ பழந்தமிழ்ச் சொல் போலிருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இழையின் தலைப்பைப் பார்த்த பிறகுதான் நாரை என்று புரிந்தது. கடையில் எனக்கு இழைத் தலைப்பு கிடைக்காது.

மற்றபடி அழகாக இருக்கிறது. சோப்பு உறை மாதிரி. திட்டவில்லை, உண்மையாகவே நல்ல சோப்பு.

கொம்புசுழி

பக்கம்மடிப்பவள் படித்ததில் தப்பே இல்லை, எழுத்துருதான் அப்படிப் படிக்க வைக்கிறது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணைக்காலையும் ரகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான். ரகரத்தின் அடியில் சாய்வாக ஒரு கீற்று இருக்கும், காலுக்கு இருக்காது. அந்த ஒரு கீற்றை நம்பித்தான் நாம் காலையும் ரகரத்தையும் பிரித்துப் படிக்கிறோம். கையெழுத்தில் பலர் அதை விட்டுவிடுவார்கள். அங்கே வாக்கியம் காப்பாற்றிவிடும். நீங்கள் எடுத்திருக்கிற எழுத்துருவில், 'தேவையில்லாததை நீக்குகிறேன்' என்று அந்தக் கீற்றை ஒரு முளை அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். 'வராத' என்ற சொல்லில் ரகரமும் காலும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இந்த எழுத்துருவைச் சோதிக்க இதைவிட மோசமான சொல் கிடைக்காது. அட்டையில் இருப்பதோ மூன்றே சொல், காப்பாற்ற வாக்கியமும் கிடையாது.

இரண்டாவது, இடைவெளி. ஆங்கில மினிமல் அட்டைகளில் கேப்பிட்டல் எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து வைப்பார்கள், அழகாக இருக்கும். காரணம், அந்த எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், ஒவ்வொன்றும் தனி ஆள். தமிழில் கேப்பிட்டல் கிடையாது, எழுத்துகள் தனி ஆளும் இல்லை. 'ரை' என்பது ஓர் எழுத்து. நீங்கள் இடம் விட்டதும் இணைக்கொம்பு ரகரத்தை விட்டு விலகி முந்தின காலுக்கும் இதற்கும் நடுவில் அநாதையாக நிற்கிறது. அது யாருடைய கொம்பு? 'நா' என்பதிலும் அப்படித்தான், கால் நகரத்தை விட்டுக் கழன்றுவிட்டது. அந்த இடைவெளியால்தான் அது தனி ரகரமாகவே தெரிகிறது. ஆக, கீற்று போனது பாதி, இடைவெளி மீதி. இரண்டும் சேர்ந்துதான் 'நரரை'.

மூன்றாவது புள்ளி. புள்ளியை வைத்து விளையாடும் யோசனை நல்ல யோசனை, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் தமிழில் புள்ளி அலங்காரம் இல்லையே, அகரத்தைக் கொல்கிற ஆயுதம். அதைப் பின்னணியோடு கரையவிட்டால் மகரம் உயிரோடு எழுந்து வந்துவிடும். சும்மாபார்ப்பவன் கேட்ட கேள்வி கிண்டல் இல்லை.

ஒரு விஷயத்தில் தப்பித்தீர்கள். மேல்வரியில் 'மூ' போல ஒன்றும் கீழ்வரியில் 'கீ' போல ஒன்றும் வந்திருந்தால், நீங்கள் விட்டிருக்கும் வரி இடைவெளிக்கு இரண்டும் முட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

வெற்றிடம்

எல்லோரும் சேர்ந்து நல்ல அட்டையைக் கொன்றுவிடுவீர்கள் போலிருக்கிறதே.

எழுத்துரு பற்றிக் கொம்புசுழி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மாதிரி இழைகளில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்: 'ஒரு நாரை படம் போடலாமே', 'குளத்தில் தாமரை', 'தலைப்புக்கு நிழல் கொடுங்கள்'. தயவுசெய்து வேண்டாம். வாசகருக்கு எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டுகிற அட்டைகளால் நாம் களைத்துப் போய்விட்டோம். தலைப்பில் நாரை, அட்டையிலும் நாரை, பின்னட்டையில் நாரை பற்றிய வாசகம்.

மேலும், இது நேற்று வந்த மோஸ்தர் இல்லை. பிரான்சில் காலிமார் பதிப்பகத்தின் 'வெள்ளை' என்று பெயர் வைத்த வரிசையைப் பாருங்கள். 1911 முதல் அதே சந்தன நிற அட்டை, கறுப்புக் கோட்டுச் சட்டம், அதற்குள் சிவப்புக் கோடுகள், சிவப்பில் தலைப்பு. படமே கிடையாது. இங்கிலாந்தில் பெங்குவின் பதிப்பகம் 1935இல் கொண்டுவந்த அட்டைகள் மூன்று பட்டைகள்தான்: மேலும் கீழும் நிறம், நடுவில் வெள்ளை, அதில் தலைப்பு. நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்குக் கருநீலம். ஜெர்மனியில் 1963இல் வில்லி ஃப்ளெக்ஹவுஸ் சூர்காம்ப் பதிப்பகத்துக்குச் செய்த வரிசையில் எழுத்து மட்டும்தான்; 48 நிறங்கள், அடுக்கி வைத்தால் வானவில். இதையெல்லாம் யாரும் சோப்பு உறை என்று சொல்லவில்லை.

பக்கம்மடிப்பவள்

சோப்பு என்றது புகழ்ச்சி என்று சொன்னேனே ஐயா.

மெய்ப்புப்பேனா

வெற்றிடம் சொன்ன மூன்றுமே சரியான எடுத்துக்காட்டுகள், ஆனால் மூன்றும் உங்களுக்கு எதிராகவே பேசுகின்றன.

மூன்றும் வரிசைகள். காலிமார் அட்டையில் படம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்தச் சந்தன நிறமே 'இது காலிமார்' என்று சொல்லிவிடுகிறது. பெங்குவின் ஆரஞ்சைத் தூரத்தில் பார்த்ததும் நாவல் என்று தெரிந்துவிடும். அந்த நிறங்கள் வேலை பார்த்தன, அடையாளப் பலகை மாதிரி. ஃப்ளெக்ஹவுஸின் ஒரு புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்தால் அது ஒரு ஊதா அட்டை, அவ்வளவுதான். நாற்பது சேர்ந்தால்தான் அதற்குப் பேச்சு வரும். கோட்டோவியனுக்குக் கையில் இருப்பது ஒரு புத்தகம், யாருக்கும் தெரியாத ஓர் எழுத்தாளர். பின்னால் நின்று தாங்க வரிசை இல்லை. அந்தச் சந்தன நிறம் இங்கே யாரை அடையாளம் காட்டுகிறது?

இன்னொன்று. அந்த அட்டைகளில் எதுவும் மங்கலாக இல்லை. கறுப்பு கறுப்பாகவும் சிவப்பு சிவப்பாகவும் இருந்தன. குறைவாகச் சொன்னார்கள், ஆனால் முணுமுணுக்கவில்லை.

வெற்றிடம்

கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். முதல் பகுதியை முழுசாக இல்லை. வரிசைக்கு வெளியே தனி அட்டையும் வெறுமையாக இருக்க உரிமை உண்டு. சுற்றிலும் எல்லாம் கத்திக்கொண்டிருக்கும்போது அமைதியாக நிற்கிற ஒன்றின் மேல் கண் போகத்தான் செய்யும்.

மெய்ப்புப்பேனா

சுற்றிலும் கத்தினால். இப்போது புத்தகக் கடை மேசை முழுக்க எல்லோரும் அமைதியாகத்தான் நிற்கிறார்கள், அதுவும் இதே சந்தன நிறத்தில்.

அச்சுமை

முப்பது வருஷம் அச்சு இயந்திரத்தோடு இருந்தவன். கலை பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு கேள்விதான். தம்பி, அந்த 40 சதவீதக் கறுப்பு அச்சில் எப்படி வரும் என்று யோசித்தீர்களா?

அச்சில் சாம்பல் என்று ஒரு மை, நீங்களாகத் தனியே கேட்டு வாங்கினால் ஒழிய, கிடையாது. கறுப்பு மையையே பொடிப் புள்ளிகளாகத் தூவி, நடுவில் காகிதம் தெரியவிட்டு, உங்கள் கண்ணைச் சாம்பல் என்று நம்ப வைக்கிறோம். பெரிய பரப்பில் அது நன்றாக இருக்கும். உங்கள் எழுத்தின் கோடோ முடி மாதிரி மெல்லிசு. அந்தக் கோட்டுக்குள் எத்தனை புள்ளி உட்காரும்? ஒன்றோ இரண்டோ வரிசை. விளிம்பு நேர்கோடாக இருக்காது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டாம், வெறும் கண்ணுக்கே எழுத்து நைந்து போனது தெரியும்.

திரையில் அது தெரியாது. திரையில் சாம்பல் நிஜமாகவே சாம்பல்; போதாததற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வேறு. காகிதத்துக்கு வெளிச்சம் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

ஆரஞ்சுப் புள்ளியும் அப்படித்தான். சிவப்பும் மஞ்சளும் தனித்தனியாக ஏறும். இரண்டும் துளி விலகினால் உங்கள் சூரியனுக்கு ஒரு பக்கம் மஞ்சள் விளிம்பு. சந்தனப் பின்னணி மையால் வருகிறதா, காகிதமே அந்த நிறமா? மையால் என்றால் அதுவும் தூவல்தான், முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் லேசாக மாறும்.

எத்தனை பிரதி? ஆஃப்செட்டா டிஜிட்டலா?

கோட்டோவியன்

300 பிரதி அண்ணா, டிஜிட்டல்தான். பின்னணி மைதான், காகிதம் வெள்ளை.

உண்மையைச் சொன்னால் இன்று வரை இதை அச்சில் எடுத்துப் பார்க்கவில்லை. லேப்டாப்பில் பெரிதாக்கிப் பெரிதாக்கியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சுமை

டிஜிட்டல் என்றால் தனி மை கலக்கும் பேச்சுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அப்படியானால் மெல்லிய எழுத்துக்கு எப்போதும் ஒரே மை, முழுக் கறுப்பு, 100. நாலு மையையும் கலந்து கருநிறம் செய்து மெல்லிய எழுத்துக்குக் கொடுக்காதீர்கள், நாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் விளிம்பு கசியும். சாம்பல் வேண்டுமென்றே ஆசையாக இருந்தால் எழுத்தைத் தடிமனாக்குங்கள், கோட்டுக்குள் தூவல் உட்கார இடம் கிடைக்கட்டும். மெல்லிசு, சாம்பல் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

என் கதை ஒன்று. கறுப்பு அட்டையில் கருநீலத் தலைப்பு, மேலே பளபளப்பில்லாத மேட் லேமினேஷன். வடிவமைப்பாளர் திரையில் காட்டியபோது நான்கூட வாயைப் பிளந்தேன், ராத்திரி வானம் மாதிரி இருந்தது. அச்சாகி வந்தது வெறும் ராத்திரி. சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஏதோ எழுதியிருப்பது தெரியும். கூடவே, கறுப்பு மேட் அட்டையை நாலு பேர் எடுத்துப் பார்த்தால் கைரேகை அத்தனையும் அதில் இருக்கும், மடிப்பில் வெள்ளைக் கீறல் விழும். புத்தகம் விற்பதற்குள் பழைய புத்தகம் ஆகிவிட்டது. வெளியிட்டவர் பழியை எங்கள் மேல் போட்டார். மாதிரி எடுத்துக் காட்டியிருக்கலாம் என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கொம்புசுழி

உங்கள் படத்திலிருந்து இரண்டு நிறத்தையும் எடுத்து அளந்து பார்த்தேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் சுமார் 2.5க்கு 1. பார்வை குறைந்தவர்களும் படிக்க முடியவேண்டும் என்று இணையப் பக்கங்களுக்கு வைத்திருக்கும் அணுக்க விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 கேட்கின்றன, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. அது திரைக்கான விதி, அட்டைக்குச் சட்டம் இல்லை, தெரியும். ஆனால் ஆசிரியர் பெயர் பெரிய எழுத்துகூட இல்லை. விற்பனைப் பக்கத்தில் இந்த அட்டை கட்டைவிரல் நகம் அளவில்தான் தெரியப்போகிறது. மெல்லிய கோடு சிறிதாகும்போது பின்னணியோடு கலந்து இன்னும் வெளிறும், 2.5 என்பது அங்கே இன்னும் கீழே போய்விடும்.

பக்கம்மடிப்பவள்

வயதான வாசகர்களையும் யாராவது நினைத்துப் பாருங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அட்டையைப் படிக்கிற பொறுமை எல்லோருக்கும் இருக்காது. அப்புறம், ஆசிரியர் பெயரை இவ்வளவு சின்னதாகப் போட்டால் அவர் ஏதோ தப்பு செய்துவிட்டு ஒளிகிற மாதிரி இருக்கிறது. முதல் புத்தகம் வேறு. பாவம்.

கோட்டோவியன்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இரண்டாவது வடிவம் இணைத்திருக்கிறேன். எழுத்துரு மாற்றியாயிற்று, ரகரத்துக்குக் கீற்று தெளிவாக இருக்கிறது. எழுத்து இடைவெளியை எடுத்துவிட்டேன். கனம் நடுத்தரம். நிறம் பற்றி எல்லோரும் திட்டியதால் துணிந்து இறங்கிவிட்டேன்: பின்னணி அடர்நீலம், தலைப்பு சிவப்பு, புள்ளி மட்டும் வெள்ளை. பெயரையும் பெரிதாக்கினேன்.

சும்மாபார்ப்பவன்

கண் வலிக்கிறது. ஆனால் குளம் தெரிகிறது.

வெற்றிடம்

இதற்குத்தான் பயந்தேன்.

கொம்புசுழி

கண் வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணின் வில்லை சிவப்பையும் நீலத்தையும் ஒரே தூரத்தில் குவிப்பதில்லை. சிவப்பு கொஞ்சம் முன்னால் மிதப்பது போலவும் நீலம் பின்னால் அமுங்குவது போலவும் பலருக்குத் தெரியும், விளிம்பு நடுங்கும். போதாக்குறைக்கு நீங்கள் எடுத்த சிவப்பும் நீலமும் வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட ஒன்று. நிறம் இரண்டாக இருப்பதால் மாறுபாடு இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள். எழுத்தின் வடிவத்தைக் கண் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தால்தான். நிறம் அதற்கு அப்புறம்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தலைப்பு காணாமல் போகும், வெள்ளைப் புள்ளி மட்டும் நிற்கும். மின்நூல் கருவிகளில் பல இன்னும் சாம்பல் திரைதான், 16 படிநிலை. அங்கே உங்கள் அட்டை இப்படித்தான் இருக்கும்: இருட்டில் ஒரு புள்ளி. முதல் வடிவத்தில் புள்ளியைத் தொலைத்தீர்கள், இதில் புள்ளியைத் தவிர மற்றதை.

கோட்டோவியன்

மாற்றிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எழுத்தாளருக்கும் அனுப்பினேன். 'இது என் புத்தகம் மாதிரி இல்லை' என்று மட்டும் பதில் வந்தது.

மெய்ப்புப்பேனா

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முதல் அட்டையில் தப்பு மங்கல், அமைதி இல்லை. நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கழுவிவிட்டீர்கள்.

ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தச் சாம்பல், அந்த மெல்லிய எழுத்து, அந்தச் சந்தனம், இவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள்? கதைகளிலிருந்தா, வேறு அட்டைகளிலிருந்தா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. புள்ளி கதையிலிருந்து வந்தது, அது தெரிகிறது. மற்றது எல்லாம் 'இலக்கியம் என்றால் இப்படி இருக்கும்' என்ற பொது இடத்திலிருந்து வந்த மாதிரி இருக்கிறது.

கோட்டோவியன்

நேர்மையாகச் சொல்கிறேன். பிடித்த அட்டைகள் என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன். அதில் பாதி இந்த மாதிரிதான். கதைகளைப் படித்தேன், எல்லாவற்றையும் படித்தேன். ஆனால் அட்டை செய்ய உட்கார்ந்தபோது திறந்தது கோப்புறையைத்தான்.

தலைப்புக் கதையில் குளம் வற்றிப் போயிருக்கும். அடியில் கொஞ்சம் சேறு, கறுப்பும் பச்சையும் கலந்த நிறம், ஓரத்தில் வெடித்த மண். சூரியன் அந்தச் சேற்றில் தெரியும். அது நினைவிருக்கிறது.

வெற்றிடம்

அட, நிறம் கிடைத்துவிட்டதே. சேற்றுக் கறுப்பை விட்டுவிட்டு நீலத்துக்கு ஏன் போனீர்கள்? தண்ணீர் இல்லாத குளத்துக்கு நீலம் போட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

இன்னொரு விஷயம், என் கட்சிக்காரர்களையே குறை சொல்ல வேண்டியிருக்கிறது. மினிமல் என்றால் சீக்கிரம் முடிகிற வேலை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. ஜெர்மன் அச்சு வடிவமைப்பாளர் யான் சிகோல்ட் 1928இல் 'புதிய அச்சுக்கலை' என்று புத்தகமே எழுதி, அலங்காரம் இல்லாத எழுத்து, சமச்சீர் உடைத்த அமைப்பு என்று கொடி பிடித்தவர். 1947 முதல் 1949 வரை பெங்குவினில் இருந்தபோது அவர் செய்ததோ, பழையபடி நடுவில் நிறுத்திய தலைப்புகள், மரபான எழுத்துருக்கள். அங்கே அவர் வம்படியாக நின்றது எதில் தெரியுமா? இடைவெளியில். கேப்பிட்டல் எழுத்துகளுக்கு நடுவே இயந்திரம் விடுகிற அளவை ஏற்றுக்கொள்ளக்கூடாது, கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை கையால் சரிசெய்ய வேண்டும் என்று எல்லா அச்சகத்துக்கும் விதி எழுதிக் கொடுத்தார். மூன்று பட்டையும் ஒரு தலைப்பும்தான் இருக்கிறது என்னும்போது அந்தத் தலைப்பில் ஒரு முடி அளவு தப்பு இருந்தாலும் அது மட்டும்தான் தெரியும். ஓவியம் நிறைந்த அட்டையில் அது ஒளிந்துகொள்ளும்.

கொம்புசுழி

அதேதான். தமிழில் அந்த வேலை இன்னும் கூட. இயல்பு இடைவெளிக்கு வந்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் அதோடு விடாதீர்கள். 'நா' என்பதில் நகரத்துக்கும் காலுக்கும் நடுவே கொஞ்சம் இறுக்குங்கள். காலுக்கும் அடுத்த கொம்புக்கும் நடுவே துளி தளர்த்துங்கள். அங்கேதான் ஓர் எழுத்து முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. 'வராத' அகலமாகவும் 'குளம்' ஒடுக்கமாகவும் இருக்கும், வலித்து நீட்டிச் சமமாக்க வேண்டாம், ஓரம் மேடு பள்ளமாக இருக்கட்டும்.

எழுத்துருவே வேண்டாம் என்றும் ஒரு வழி உண்டு. மூன்றே சொல்தானே, கையால் எழுதிவிடலாம். ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் அலங்காரம் கிடையாது. ஆனால் அதை யாரும் வெறுமை என்று சொல்ல முடியாது, கோட்டில் கையின் வேகம் இருக்கும். உங்கள் பெயரே கோட்டோவியன், முயன்று பாருங்களேன்.

கோட்டோவியன்

என் கையெழுத்தைப் பார்த்தால் இந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள்.

அச்சுமை

முதுகை யாரும் கேட்கவில்லையே? 168 பக்கம் என்றால் 84 தாள். 80 ஜிஎஸ்எம் எடையுள்ள தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். முதுகு எட்டரை, ஒன்பது மில்லிமீட்டர் வரும். அலமாரியில் ஏறிய பிறகு புத்தகத்தின் முகம் அதுதான். அந்த ஒன்பதில் இரு ஓரமும் மடிப்பு நகர்வுக்கு விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது ஐந்தோ ஆறோ. கு-வின் கீழ்வளைவும் புள்ளியும் அதற்குள் அடங்க வேண்டும், அப்படியானால் எழுத்தின் உடம்பு எவ்வளவு சின்னதாகும் பாருங்கள். மெல்லிய கனமெல்லாம் அங்கே எடுபடாது.

முதுகுக்கு வேறு நிறம் கொடுத்து முன்னட்டைக்கு வேறு நிறம் கொடுக்காதீர்கள். மடிப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் முன்னட்டை ஓரத்தில் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். 300 பிரதியில் எத்தனையில் தள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பக்கம்மடிப்பவள்

முதுகில் தலைப்பு மேலிருந்து கீழாகப் போகட்டும். கீழிருந்து மேலாகப் போகிற ஒன்றிரண்டு புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் கழுத்தை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டியிருக்கிறது.

வெற்றிடம்

பிரெஞ்சுக்காரர்களுக்கு அதுதான் வழக்கம், கீழிருந்து மேல். ஆங்கிலப் புத்தகங்கள் மேலிருந்து கீழ். தமிழில் பெரும்பாலும் ஆங்கில வழிதான்.

கோட்டோவியன்

மூன்றாவது வடிவம். இந்த முறை அச்சு மாதிரி எடுத்த பிறகுதான் இங்கே வருகிறேன்.

சந்தன நிற மையை எடுத்துவிட்டு, லேசாகப் பழுப்பேறிய அட்டைத் தாளையே வாங்கிவிட்டேன், பின்னணிக்கு மையே இல்லை. தலைப்பு முழுக் கறுப்பு, ஒரே மை. சேற்று நிறத்துக்காக நாலு மை கலக்க ஆசைப்பட்டேன், அச்சுமை அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன். அந்தத் தாளில் வெறும் கறுப்பே கொஞ்சம் சேறாகத்தான் விழுகிறது, அது எதிர்பாராத லாபம். கனம் நடுத்தரத்துக்கு ஒரு படி மேல். புள்ளி அடர் செம்மண் சிவப்பு, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பெரிது. தலைப்பைக் கீழே இறக்கிவிட்டேன், 'குளம்' அட்டையின் அடிவிளிம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலே முழுக்க வெறுமை. ஆசிரியர் பெயர் தலைப்பின் பாதி அளவு, அதே கறுப்பு.

கறுப்பு வெள்ளையில் பார்த்தேன், புள்ளி இருக்கிறது. நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், படிக்க முடிகிறது. அலமாரியில் வைத்துவிட்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றேன். முதுகில் 'நாரை வராத' தெரிந்தது, 'குளம்' கொஞ்சம் கண்ணைச் சுருக்கினால்.

வெற்றிடம்

மேலே இருக்கிற அந்த வெறுமைக்கு இப்போது அர்த்தம் வந்துவிட்டது. வராத நாரைக்கு விட்ட இடம். முதல் வடிவத்தில் வெறுமை அட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தது. எனக்குத் திருப்தி.

மெய்ப்புப்பேனா

எனக்கு இன்னும் அந்தப் பழுப்புத் தாள் மேல் சந்தேகம்தான், மேசையில் மற்றவற்றோடு கலந்துவிடும். ஆனால் தூக்கிப் பிடித்தால் தாங்கும்.

கொம்புசுழி

'ரை'யில் கொம்புக்கும் ரகரத்துக்கும் நடுவே இன்னும் அரை முடி இறுக்கலாம். இது என் நோய், நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

அச்சுமை

பூச்சில்லாத தாளா? அதில் செம்மண் சிவப்பு ஒரு படி மங்கித் தெரியலாம். மாதிரியைத் திரும்பப் பாருங்கள். தேவைப்பட்டால் இப்போதே ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

சும்மாபார்ப்பவன்

போனில் பார்த்தேன். குளம். சரி.

பக்கம்மடிப்பவள்

பின்னட்டைப் படத்தையும் இப்போதுதான் திறந்து பார்த்தேன். அங்கே கதைக் குறிப்பு பழைய இளஞ்சாம்பலிலேயே இருக்கிறதே? மெல்லிய எழுத்து, அதைவிடச் சின்னதாக.

கோட்டோவியன்

ஐயோ. முன்னட்டையை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன். ராத்திரிக்குள் சரிசெய்துவிட்டு அனுப்புகிறேன்.